ஏழாம் எண் படிவம்

சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த மாடி அறையில் ஐந்து பேர் இருந்திருக்க வேண்டும். பதிவேட்டில் ஐந்து பெயர்களும் எழுதித் தயாராக இருந்தன. மேசைமேல் ஐந்து பன், ஐந்து டம்ளர் ஜூஸ். வலை இல்லாத டேபிள் டென்னிஸ் மேசையில் ஐந்து மட்டைகள். ஆள்தான் ஒருவர்கூட இல்லை. கழுத்தில் விசில் தொங்க, விசில் அக்கா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விசிலை அவள் அதுவரை ஒருமுறைகூட ஊதியதில்லை. ஊதி நிறுத்த வேண்டிய அளவுக்கு அந்த அறையில் யாரும் ஓடியதில்லை.

வீட்டில் முடியாமல் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சின்ன வயதிலேயே தலையில் விழுந்துவிட்ட பிள்ளைகளுக்கான மன்றம் அது. வாரம் முழுக்க அவர்கள் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்துவரை மட்டும் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "விளையாடுங்க," என்பாள் மன்றத்தை நடத்தும் விசில் அக்கா. ஐந்து பேரும் எழுந்து டம்ளர் கழுவப் போவார்கள். "ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா உட்காருங்க," என்பாள். உட்கார்ந்து, ஒருவர் நெற்றியில் ஒருவர் கை வைத்து ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஐந்து பேரில் மூத்தவளுக்குப் பதினாறு வயது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்ததில் அவளுக்குக் கடிகாரம் என்றே பெயராகிவிட்டது. அவளுடைய அம்மா பத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டும்போதே பக்கவாதம் வந்து சரிந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சு இரண்டு சொல்லுக்கு மேல் வராமல் நின்றுவிட்டது. அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் தூங்குவார், மிச்ச நாள் போனில் கவலைப்படுவார்.

அதனால் அம்மா முழுக்க முழுக்க அவள் கையில் இருந்தாள். புரையேறாமல் எப்படித் தண்ணீர் கொடுப்பது, எந்தப் பக்கம் நின்றால் சாயாமல் நடப்பாள், அரைச்சொல்லில் நின்றுபோனதன் மீதி என்ன, எல்லாம் உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதில் அவளுக்கு அலுப்பு இருந்தது. அலுப்புக்கு அடியில் ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை அவள் யாரிடமும் காட்டியதில்லை. தனியாக இருக்கும்போதுகூட எடுத்துப் பார்த்ததில்லை.

அந்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு புதுப் படிவம் வந்தது. ஏழாம் எண். ஒரே ஒரு கேள்வி: 'நீங்கள் மன்றத்தில் இருக்கும் நேரத்தில் உங்கள் பொறுப்பில் உள்ளவரைக் கவனித்துக்கொள்பவர் யார்? அவர் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும்.' அதன் கீழே, 'மேற்படி நபர் தகுதியானவர் என்று நம்புகிறேன்' என்று அச்சடித்து, கையெழுத்துக்கு ஒரு கோடு.

அனுபவம் உள்ளவர் என்றால் யார்? பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நின்று "பாவம்" என்பார்கள், உள்ளே வரமாட்டார்கள். கடிகாரம் நன்றாக யோசித்து, மன்றத்தில் எப்போதும் வாசலோரமே நிற்கும் கதவு என்ற பதினாலு வயதுப் பையனைக் கேட்டாள். ஞாபகம் தப்பிய பெரியப்பாவைத் தனியாகச் சமாளிக்கிறவன். "ஓ, வர்றேன்க்கா," என்றான் உடனே. பிறகு அவன் தன் பெரியப்பாவுக்காகப் பட்டியல் என்பவனைக் கேட்டான். எதையும் எழுதிவைக்காமல் நகராத பையன் அவன். பட்டியல், அறையை விட்டு வெளியே வராத தன் அக்காவுக்காகச் சின்னதைக் கேட்டான். பன்னிரண்டு வயதுச் சின்னது, கண் தெரியாத தன் அம்மாவுக்காக, நின்ற இடத்தில் தூங்கிவிடும் தூக்கம் என்பவளைக் கேட்டாள். தூக்கம் கொட்டாவி விட்டபடி, சக்கர நாற்காலியில் இருக்கும் தன் அப்பாவுக்காகக் கடிகாரத்திடம் வந்து நின்றாள். "எங்கப்பாவ ரெண்டே ரெண்டு மணி நேரம் பாத்துக்கிறியா?"

கடிகாரம் சரி என்றாள். மாட்டேன் என்ற சொல் அந்த ஐந்து பேர் வாயிலும் பழக்கமில்லை. யாராவது ஒருவருக்கு அது வந்திருந்தால் அந்த ஒருவராவது மன்றத்துக்குப் போயிருப்பார்.

போன் வந்தபோது கடிகாரம் தூக்கத்தின் அப்பாவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி இருக்க?" விசில் அக்காவின் குரல்.

"தூக்கம் வீட்லக்கா. அவ அங்க வரணும்ல, அதான் நான் இங்க வந்துட்டேன்."

"அவ இங்க இல்லியே. சின்னது வீட்ல இருக்காளாம்."

"அப்ப சின்னது?"

"பட்டியல் வீட்ல. பட்டியல் கதவு வீட்ல. கதவு உன் வீட்ல. நீ எங்க இருக்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

மறுமுனையில் பன்னைக் கடிக்கும் ஓசை மட்டும் வந்தது.

"அஞ்சு படிவமும் சரியாத்தான் இருக்கு," என்றாள் விசில் அக்கா, மென்றுகொண்டே. "ஒரு தப்பு சொல்ல முடியல. நானே முத்திர குத்தியிருக்கேன். எல்லாரையும் எல்லாரும் பாத்துக்கிறீங்க. நான் மூணாவது பன் தின்னுக்கிட்டிருக்கேன்."

தூக்கத்தின் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டாவது மாடி உயரத்திலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. அந்தக் குறையைக் கைகள் ஈடுசெய்தன. சீட்டாட்டத்தில் கண்ணெதிரே திருடினார்.

"மாமா, அந்தச் சீட்டு உங்க மடியில எப்படி வந்துச்சு?"

"மேல இருந்து கீழ வந்துச்சு. லிஃப்ட்டு மாதிரி."

"கள்ளாட்டம் ஆடுறீங்க."

"காலுதாம்மா போச்சு. கைய எதுக்குச் சும்மா வெச்சிருக்கணும்?"

அரை மணிக்கு ஒருமுறை அவரைத் தூக்கி இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். அவள் அவர் கக்கத்தில் கை கொடுத்துச் சட்டென்று தூக்கினாள். கனம்தான், ஆனாலும் அவளுக்குக் கனக்கவில்லை. இத்தனைக்கும் அம்மாவைவிட இரண்டு மடங்கு இருந்தார்.

"எம்பொண்ணு தூக்கும்போது நான் அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்," என்றார் அவர், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே. "அவளும் என் மூஞ்சியப் பாக்க மாட்டா. நீ தூக்குனா எதாச்சும் ஜோக்கு சொல்லலாம்னு தோணுது."

அவள் சிரித்தாள். இன்னொருவர் வீட்டு அப்பா இவ்வளவு லேசாக இருப்பார் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அதன் மறுபக்கம் உறைத்தது. அப்படியானால் தன் அம்மாவும் இப்போது யாருக்கோ லேசாக இருப்பாள்.

அவர்கள் வீடு தரைத்தளத்தில், சந்தின் முனையில். சந்துக்குள் திரும்பும்போதே குரல் கேட்டது.

"ஏறுங்க, ஏறுங்க! படியில நிக்காதீங்க! உள்ள இடம் இருக்கு, உள்ள போங்க! மில் கேட்டு, தபால் ஆபீசு, பாலம், பெரியாஸ்பத்திரி!"

அவள் நின்றுவிட்டாள். மூன்று வருடமாக இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத அம்மாவின் குரல் அது. பக்கவாதத்துக்கு முந்தைய குரல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிற கண்டக்டர் குரல்.

உள்ளே நாற்காலிகள் இரண்டிரண்டாகப் போட்டிருந்தன. முன்னால் முக்காலியில் கதவு உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகத் திருப்பிக்கொண்டிருந்தான். அம்மா இடது கையால் அலமாரியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உட்காரவில்லை, நின்றிருந்தாள். மகளைப் பார்த்ததும் அம்மாவின் வாய் தடுமாறியது.

"வ... வந்..."

"வந்துட்டேம்மா," என்றாள் கடிகாரம். அம்மா வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ் அங்கேயே நின்றுவிட்டது.

"கடிகாரக்கா, அம்மா செமயா பஸ் ஓட்டுறாங்க," என்றான் கதவு. "அதாவது, நான்தான் ஓட்டுறேன். பிரேக்கு சரியாப் போடலன்னு ரெண்டு தடவ திட்டு வாங்கிட்டேன்."

"பேசினாங்களா? உங்கிட்டயா?"

"ஸ்டாப்புப் பேரு சொல்றப்ப தானா வருது. மத்ததெல்லாம் மெதுவா வரும். வரட்டும்னு இருந்தேன். எங்க பெரியப்பாவுக்கு ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள நான் துணி தொவச்சுக் காயப் போட்டுடுவேன். எனக்குப் பழக்கம்தான்."

"நான் எழுதிக் குடுத்த பதினாலு பக்கம்?"

அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கையேடு அது. முதல் பக்கத்தில் தலைப்பு போட்டு, அடிக்கோடு இட்டு, பதினோராம் பக்கத்தில் குளியலறையின் படம்கூட வரைந்திருந்தாள்.

"மூணு பக்கம் படிச்சேன்க்கா. அப்புறம் அம்மா கை நீட்டினாங்க. அவங்களப் பத்திதானே, அவங்களே படிக்கட்டும்னு குடுத்துட்டேன். ஒரு பேனாவும் கேட்டாங்க."

"பேனாவா? எந்தக் கையால?"

"இருக்கிற கையாலதான்," என்றான் கதவு, தட்டைக் கழுவப் போனபடி.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அம்மா வழக்கம்போலத் தூங்கினாள். கடிகாரம் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாளில் அவள் உட்காருவது அந்த அரை மணி நேரம்தான். கையேட்டை எடுத்துப் பிரித்தாள்.

பக்கத்துக்குப் பக்கம் இடது கையின் எழுத்து, பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் மாதத்துக் குழந்தையின் எழுத்துபோலக் கோணலும் மாணலுமாக. 'அம்மாவுக்குச் சர்க்கரை குறைவான டீ பிடிக்கும்' என்பதில் கடைசிச் சொல்லை அடித்து, 'பிடிக்காது' என்று எழுதியிருந்தது. 'அம்மாவுக்கு வானொலிச் சத்தம் ஆகாது' என்பதற்குப் பக்கத்தில், 'யார் சொன்னது?' 'அம்மாவைத் தனியாக நிற்க விடக்கூடாது' என்பதைச் சுற்றி ஒரு வட்டம், விளக்கம் எதுவுமில்லை. பச்சைச் சட்டை பிடிக்கும் என்ற இடத்தில், 'சரி' என்று இருந்தது. பதினாலு பக்கத்தில் அவள் வாங்கிய சரி மொத்தம் நாலு.

பரீட்சைத் தாள் திரும்பக் கைக்கு வந்ததைப்போலக் காது சூடேறியது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள். 'மூன்று முதல் மூன்றரைவரை அம்மா தூங்குவார்கள், தொந்தரவு செய்யக் கூடாது.' அதன் கீழே மூன்று வரி, பேனா பல இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

'தூக்கம் வராது. தூங்குகிற மாதிரி இருப்பேன். அவள் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று.'

அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. எழுந்துபோனால் அம்மாவின் மூன்று வருட நடிப்பு வீணாகிவிடும். உட்கார்ந்திருந்தால் தெரிந்துகொண்டே அனுபவிப்பதாகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல், மூன்றரை ஆகும்வரை, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு அவள் அங்கேயே இருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு களைப்பூட்டிய ஓய்வு வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை விசில் அக்கா அவர்களைத் தேடி மருந்துக்கடைக்கே வந்துவிட்டாள். உண்மையில் அந்த ஐந்து பேரும் கூடுகிற இடம் அதுதான். மாலை ஐந்தரைக்கு, ஆளுக்கொரு மருந்துச் சீட்டோடு, வரிசையில்.

"சனிக்கெழம அதிகாரி வர்றார்," என்றாள் மூச்சு வாங்க. "நேர்ல வந்து, நீங்க அஞ்சு பேரும் சந்தோஷமா இருக்கீங்களான்னு பாத்து எழுதிட்டுப் போவார். ரூம் காலியா இருந்தா மன்றத்த மூடிட்டு, ரூமத் தபால்தலை சேக்கறவங்க சங்கத்துக்குக் குடுத்துடுவாங்க. அவங்க பதினோரு பேராம். பதினோரு பேரும் தவறாம வர்றாங்களாம்."

"மூடிட்டா ஏழாம் படிவம்?" என்று கேட்டான் பட்டியல், பேனாவைத் திறந்து.

"மன்றமே இல்லன்னா படிவம் ஏது? நீங்க ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறதுக்கும் சாக்கு இருக்காது."

மூடட்டும், என்று ஒரு சொல் கேட்டது. கடையில் யாரோ இருமியதைப்போலக் கடிகாரம் திரும்பிப் பார்த்தாள். யாரும் பேசவில்லை. அது அவளுக்குள்ளிருந்துதான் வந்தது. மூடட்டும். கதவு வரமாட்டான். நாற்காலிகள் சுவரோரம் போய்விடும். அம்மா பழையபடி இரண்டு சொல்லில் நிற்பாள், மீதியை நான் சொல்லுவேன். அம்மா எனக்கே திரும்பக் கிடைத்துவிடுவாள்.

"எங்க பெரியப்பா தெனம் சனிக்கெழமை எப்பன்னு கேக்கறார்," என்றான் கதவு. "எதுக்குன்னு அவருக்கு ஞாபகமில்ல. கேக்கறது மட்டும் ஞாபகமிருக்கு."

"எங்கக்கா சின்னதுக்காக ரூம் கதவத் தொறந்தா," என்றான் பட்டியல். "நாலு இஞ்ச். அளந்து எழுதியிருக்கேன்."

கடிகாரம் தரையைப் பார்த்தபடி, "என்னால வர முடியாது," என்றாள். முதல்முறையாக அவள் வாயில் அந்த வகைச் சொல் வந்தது. "கதவும் அங்க வந்துட்டா எங்கம்மா கூட யாரு இருப்பா? தனியா விடவே முடியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அதே பிரச்சினைதான். அவளுக்கு மட்டும்தான் அதில் ஒரு நிம்மதி இருந்தது. தனக்கு முன்னால் நின்றிருந்த தூக்கம் மருந்துப் பையோடு தன் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கியபோது, அந்த நிம்மதியை எங்கே மறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மாவின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, மன்றம் மூடப்போகிறது என்று சொன்னாள். சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அம்மா அவளையே பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள்.

"ப... படி..."

"பால் வேணுமா?"

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். கூட்ட நெரிசலில் சில்லறை இல்லாமல் ஏறிய ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "படிவம்," என்றாள்.

பையிலிருந்த வெற்றுப் படிவத்தை எடுத்து அவள் பலகைமேல் வைத்துக் கொடுத்தாள். அம்மா எழுதத் தொடங்கினாள். ஒரு எழுத்து முடிவதற்குள் ஒரு வாளி தண்ணீர் இறைத்துவிடலாம். 'கவனித்துக்கொள்பவர்: அம்மா. அனுபவம்: 19 வருஷம். ஒரு நாளைக்கு 600 பேர்.'

"அம்மா, இதுல நீங்க நோயாளி. நீங்களே எப்படி..."

"எல்லா..." என்றாள் அம்மா. "எல்லாரை..."

கடிகாரத்தின் வாய் தானாகத் திறந்தது. எல்லாரையும் வேண்டாம்னு சொல்லிடவா? எல்லாரையும் கேட்கணுமா? ஏழெட்டு மீதிகள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. மூன்று வருடமாக அப்படித்தான், அம்மாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் ஒரு முடிவு வைத்திருந்தாள். அதில் எத்தனை அம்மாவுடையது என்று இப்போது யார் சொல்வது? பதினாலு பக்கத்தில் நாலு.

வாயை மூடினாள். உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். சுவரில் பல்லி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், யோசித்து, திரும்பி வந்தது.

"எல்லாரையும்," என்றாள் அம்மா, "இங்க... ஏத்து."

படிவத்தில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. 'மேற்படி நபர் தகுதியானவர் என்று நம்புகிறேன்.' அம்மா பேனாவை அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அந்தத் தாள் அலமாரிமேல் கிடந்தது. தூசி தட்டும்போதெல்லாம் அதைத் தூக்கித் தூசி தட்டி அதே இடத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை இரண்டரைக்குப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். பெரியப்பாவைக் கதவு கூட்டிவந்தான். "நான் இறங்கணும்," என்றபடியே அவர் உள்ளே வந்தார். லிஃப்ட் மெக்கானிக் தன் நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டு வந்து, "இது பஸ்ஸா? தரையோட ஓடுறதுல எனக்கு அனுபவமில்லையே," என்றார். சின்னதின் அம்மா, கண் தெரியாவிட்டாலும், நாற்காலி வரிசையைத் தடவிப் பார்த்து, "மூணாவது சீட்டு ஆடுது," என்று கண்டுபிடித்தாள். கடைசியாகப் பட்டியலின் அக்கா. தலையிலிருந்து கால்வரை போர்வை போர்த்தி, போர்வைக்குள்ளிருந்தபடியே நடந்து வந்து, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டவில்லை, ஆனால் ஜன்னலைக் கேட்டு வாங்கினாள்.

மற்ற நாலு பிள்ளைகளும் அவரவர் படிவத்தில் கடிகாரத்தின் அம்மா பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அம்மா அலமாரியைப் பிடித்து நின்றபடி அவர்களைப் பார்க்கவேயில்லை, மகளைத்தான் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது.

"அக்கா, போடறியா, இல்ல நானும் திரும்பிப் போயிடவா?" என்றாள் சின்னது.

கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் வட்டம் போட்ட வரி கடிகாரத்தின் நினைவுக்கு வந்தது. அம்மாவைத் தனியாக நிற்க விடக்கூடாது. விடக்கூடாது என்று எழுதியவள் யார், அம்மா விழுந்துவிடுவாள் என்று பயந்தவளா, விழாமல் நின்றுவிடுவாள் என்று பயந்தவளா? பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. நம்புகிறேன் என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். நம்பிக்கை வரும்வரை காத்திருந்தால் அதிகாரி போய்விடுவார்.

மாடி அறைக்கு வந்த அதிகாரி தடித்த மனிதர், கையில் அட்டையும் அதில் செருகிய தாளும். தாளில் 'மகிழ்ச்சி: உண்டு / இல்லை' என்று இருந்ததைப் பட்டியல் தலைகீழாகவே படித்துவிட்டான். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள்.

"நீங்க எல்லாரும் இங்க என்ன பண்ணுவீங்க?" என்று அன்பாகக் கேட்டார்.

விசில் அக்காவின் கை விசிலைப் பிசைந்தது.

"சார், உங்க இடது கால் வீங்கியிருக்கு," என்றாள் சின்னது.

"அது... படி ஏறினதுல..."

"படி ஏறினா ஒரு கால் மட்டும் வீங்காது சார். உக்காருங்க."

பிறகு நடந்தது மிக வேகமாக நடந்தது. கதவு நாற்காலி போட்டான். தூக்கம் பன் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அவர் காலைத் தூக்கி வைத்தாள். சின்னது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டாள். "காலைல பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்றான் பட்டியல், பேனாவோடு. அதிகாரி சட்டைப் பையைத் தடவி, திருடனைப்போல விழித்தார். "மறந்துட்டேன்." ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நாக்கால் உச்சுக் கொட்டினார்கள். தண்ணீர் வந்தது. மாத்திரை உள்ளே போனது. கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்தாள் கடிகாரம். "எவ்வளவு நாளாச்சு இப்படி..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், முடிக்காமல் தூங்கிப்போனார். அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

"ஐயோ, எழுப்புங்கடி! ஆய்வு பண்ணணும்!" என்று கிசுகிசுத்தாள் விசில் அக்கா.

"எழுப்பக் கூடாதுக்கா," என்றாள் தூக்கம் கண்டிப்பாக. "இது பல நாள் பாக்கி." தூக்கத்தைப் பற்றிப் பேச அந்த அறையில் அவளைவிடத் தகுதி யாருக்கும் இல்லை.

அவருக்குச் செய்ய இனி ஒன்றுமில்லை. ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மூச்சு சீராக இருந்தது. டம்ளர்கள் கழுவியாகிவிட்டது. ஜுரம் யாருக்கும் இல்லை. கதவு மெதுவாக ஒரு மட்டையை எடுத்தான். பந்து அடித்தால் சத்தம் வருமே என்று அதிகாரியின் சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி, எதிரே நின்ற கடிகாரத்துக்கு அடித்தான். அவளும் திருப்பி அடித்தாள். சாக்ஸ் ஜன்னலோரம் போய் விழுந்தது. அதை எடுக்க நாலு பேர் ஓடினார்கள். நிஜமாகவே ஓடினார்கள், வெறுங்காலோடு, வாயைப் பொத்திக்கொண்டு, மேசையைச் சுற்றி, ஒருவரை ஒருவர் தள்ளி. விசில் அக்கா பழக்கமில்லாத கையால் விசிலை வாயில் வைத்தாள். அதிகாரியைப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

கடிகாரம் நிமிர்ந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகச் சுவரைப் பார்க்கவேயில்லை. அம்மாவை மறந்திருந்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததால்தான் அம்மா இத்தனை நாள் உயிரோடு இருந்தாள் என்று தனக்குள் ஒருத்தி நம்பி வந்திருக்கிறாள் என்பதும் அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதிகாரி விழித்துக்கொண்டார். தாளைத் தேடி எடுத்து 'உண்டு' என்பதைச் சுழித்தார். யாருடைய மகிழ்ச்சி என்று தாளில் கேட்கவில்லை. கிளம்பும்போது மேசையிலிருந்த ஏழாம் எண் வெற்றுப் படிவம் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒற்றைக் காலில்தான் சாக்ஸ் இருந்தது.

கடிகாரம் வீட்டுக்கு ஓடினாள். சந்துக்குள் திரும்பியதும் குரல் கேட்டது. "பாலம் யாராவது இருக்கா? பாலம், பாலம்! பெரியவரே, உங்க ஸ்டாப் இன்னும் வரல, உக்காருங்க. வந்ததும் நானே சொல்றேன்." வாசல் வரை போய் நின்றாள். போனவாரம் அவளைப் பார்த்ததும்தான் அந்தக் குரல் நின்றது. இப்போதும் நின்றுவிடுமோ? நுழையாமல் இப்படியே நின்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஜன்னலில் போர்வைக்கு நடுவே ஒரு கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே பெரியப்பா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் நாளுக்கு நூறு முறை எழுந்து வாசலுக்கு ஓடுகிறவர். சின்னதின் அம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக், தாளைக் கிழித்துச் செய்த இரண்டு டிக்கெட்டை ஒரே கையில் மறைத்து வைத்திருந்தார். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அவளுடைய கண் ஒவ்வொருவராகத் தேடி, திருத்துவதற்கு எதுவும் கிடைக்காமல் திரும்பியது.

அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள். அம்மா திரும்பினாள். குரல் நின்றது.

"எ..." என்றாள் அம்மா. "எங்க..."

லிஃப்ட் மெக்கானிக் உதவிக்கு வாயைத் திறந்தார். கடிகாரம் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். தன் உதட்டையும் அதே விரலால் அழுத்திக்கொண்டாள். வண்டி முழுக்கக் காத்திருந்தது. போர்வைகூட அசையவில்லை.

"எங்க... இறங்கணும்?"

"தெரியலையே," என்றாள் கடிகாரம்.

அம்மா பலகைமேல் வைத்திருந்த தாளிலிருந்து ஒரு துண்டைப் பல்லாலும் இடது கையாலும் கிழித்து நீட்டினாள். கடிகாரம் வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான், பதினோராம் பக்கம், குளியலறைப் படத்தின் ஓரம். 'கவனம், வழுக்கும்' என்று இருந்தது.

"தெரியலன்னா உள்ள போ," என்றாள் அம்மா, தடங்கல் இல்லாமல், மற்ற எல்லோரிடமும் சொல்கிற அதே எரிச்சலோடு. "படியில நிக்காத."

அவள் உள்ளே போய்ப் பெரியப்பாவின் பக்கத்தில், ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவள் காதருகே குனிந்தார்.

"நம்ம ஸ்டாப் வந்துடுச்சா பாப்பா?"

"இன்னும் இல்ல பெரியப்பா," என்றாள் அவள். "வந்தா சொல்லுவாங்க."